வியாழக்கிழமை அச்சாகவில்லை

அந்த ஊரில் அச்சடித்த தேதிதான் விடியும். சாயங்காலம் ஆறு மணிக்குள் மறுநாளின் தாள் பிரிண்டரிலிருந்து வந்து, பஸ் ஸ்டாண்டுப் பலகையில் ஒட்டப்பட்டுவிட வேண்டும். ஒட்டாவிட்டால் அந்த நாள் இல்லை, அவ்வளவுதான். போன மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமைத் தாள் பாதியில் சிக்கிக் கிழிந்துபோக, ஊரே மத்தியானச் சாப்பாட்டுக்குக் கை கழுவிவிட்டு வந்து புதன்கிழமைக் காலைக் காப்பிக்கு உட்கார்ந்தது.

தேதி அடிக்கிற வேலை மாரிக்கனிக்கு. காலண்டர் மென்பொருளில் திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகுகாலம் எல்லாம் நிரப்பி, பதினோரு வருஷமாக அவள்தான் பிரிண்ட் கொடுக்கிறாள்.

ஆவணியில் அந்தப் புதன்கிழமை, வியாழன் வர மாட்டேனென்று உட்கார்ந்துகொண்டது. சோதனைக்கு வெள்ளியைக் கொடுத்துப் பார்த்தாள். வழுவழுவென்று வந்தது. சனியும் வந்தது. வியாழனைக் கொடுத்தால் மட்டும் பிரிண்டர் ஒரு தரம் உறுமிவிட்டு அடங்கியது. பிரிண்டரை அணைத்துப் போட்டாள். மைப்பெட்டியைக் கழற்றிக் குலுக்கி மாட்டினாள். வயரைப் பிடுங்கி, ஊதி, செருகினாள். ஒவ்வொன்றுக்கும் பிறகு மறுபடி பிரிண்ட் கொடுத்தாள். உறுமல்தான்.

வியாழக்கிழமைதான் அவள் தங்கை பூங்கோதைக்குக் கல்யாணம்.

மூன்று மணிக்குப் பூங்கோதையே வந்து நின்றாள், மருதாணிக் கைகளை எதிலும் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

"அக்கா, நாளைக்கு வியாழக்கிழமைதானே?"

"வியாழன்தான். வெயில்ல நிக்காம வீட்டுக்குப் போ."

"வாழைமரம் கட்டியாச்சு. வெள்ளிக்கிழமை அஷ்டமியாம். மாப்பிள்ளையோட அத்தை, தாள் வந்தாச்சான்னு இப்பவே ஆள் விட்டுக் கேட்டுட்டாங்க."

"அந்தம்மா கேக்காததுன்னு ஒண்ணு இருக்கா? போடி."

தங்கை தெருமுனை திரும்பியதும் மாரிக்கனி ஜெபராஜுக்குப் போன் போட்டாள். பிரிண்டர் பழுது பார்க்க அந்த ஊரில் அவர் ஒருத்தர்தான். நாலரைக்குப் பையோடு வந்து உட்கார்ந்தார். திரையில் வியாழன் தெளிவாகத் தெரிந்தது. தாளில்தான் விழ மாட்டேன் என்றது.

"தாள் எவ்வளவும்மா?"

"எப்பவும் போல இருபத்துநாலு மணி நேரம்ணே."

"நாள் எவ்வளவு வச்சிருக்கீங்க?" என்று அவரே மவுஸை உருட்டிப் பார்த்தார். "இருபத்திரண்டரைதான் இருக்கு. அளவு பொருந்தல, அதான் பேப்பரை இழுக்க மாட்டேங்குது. ஒன்றரை மணி நேரம் எங்க?"

மாரிக்கனி மேசை இழுப்பறையைத் திறந்து ஓர் எவர்சில்வர் டப்பாவை எடுத்து வைத்தாள்.

வியாழக்கிழமை ராகுகாலம் ஒன்றரையிலிருந்து மூன்று. கல்யாணச் சாப்பாடு முடிகிற நேரமும் அதுதான். "ராகுகாலத்துலயா பொண்ணு எங்க வாசலை மிதிக்கும்?" என்று மாப்பிள்ளையின் அத்தை பந்தக்கால் ஊன்றிய அன்றே கேட்டுவிட்டாள். தங்கைக்காக மாரிக்கனி ராகுகாலத்தை அழித்துவிட்டாள். அழித்ததைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. டப்பாவில் போட்டு மூடி வைத்திருந்தாள்.

ஜெபராஜ் மூடியைத் திறந்தார். உடனே கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டார்.

"எங்க வீட்டுல இதெல்லாம் பாக்கறதில்ல. ஆனாலும் கை ஓட மாட்டேங்குது. மூடுங்கம்மா, முதல்ல மூடுங்க."

அவள் மூடினாள். அவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டார்.

"இருந்த இடத்துலயே திருப்பிப் போட்டாத்தான் தாள்ல உக்காரும்."

"அத்தைக்கு யாருண்ணே பதில் சொல்றது?"

"எத்தனை பாயசம்?"

"ஒண்ணுதான். சேமியா."

"பாலடை ஒண்ணு, பருப்பு ஒண்ணு சேர்த்துப் போடச் சொல்லுங்க. மூணு பாயசத்தை விட்டுட்டு எந்த அத்தை மூணு மணிக்கு முன்னாடி எந்திரிக்கப் போகுது? ராகுகாலத்துல சாப்பிடக் கூடாதுன்னு நீங்க எந்தத் தாள்லயாவது அடிச்சிருக்கீங்களா?"

பதினோரு வருஷத்தில் அப்படி ஒரு தாளும் அவள் அடித்ததில்லை. சமையல்காரருக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு டப்பாவை வியாழனுக்குள் கவிழ்த்தாள். அடியில் ஒட்டியிருந்த நாலைந்து நிமிஷத்தை ஸ்பூனால் சுரண்டிப் போட்டாள். பிரிண்டர் உறுமியது. தாளை இழுத்தது. ஐந்து நாற்பதுக்கு வியாழக்கிழமை சூடாக வெளியே வந்தது.

மாரிக்கனி அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

பிரிண்டர் நிற்கவில்லை. இன்னொரு வியாழன் வந்தது. அதன் பின்னால் இன்னொன்று.

"எத்தனை தடவை பிரிண்ட் கொடுத்தீங்க?"

"அது வராத ஆத்திரத்துல... ஏழு இருக்கும்ணே."

"அத்தனையும் வரிசையில நின்னிருக்கு" என்றார் ஜெபராஜ், பையைக் கட்டிக்கொண்டே. அச்சடித்ததை ஒட்டாமல் விடுகிற வழக்கம் அங்கே இல்லை. ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் ஏழு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பலகையில் ஒட்டினாள்.

வியாழக்கிழமை விடிந்தது. பூங்கோதையின் கழுத்தில் தாலி ஏறியது. அத்தை மூன்று பாயசமும் குடித்துவிட்டு, மூன்றேகாலுக்குப் பெண்ணை அழைத்துப் போனாள். மறுநாளும் வியாழக்கிழமை. தாலி ஏறியது. நாலாவது வியாழனில் அத்தை ரசத்தில் குறை சொல்வதை நிறுத்தினாள். ஐந்தாவதில் மாரிக்கனியின் கையைப் பிடித்து, தன் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிடச் சொன்னாள்.

ஏழாவது தாளுக்கு மை பற்றவில்லை. அந்த வியாழன் வெளிறி விடிந்தது. வாழைமரமும் பந்தலும் லேசாகத்தான் விழுந்திருந்தன. மாப்பிள்ளையில் மீசை மட்டும் தெளிவாக இருந்தது. பூங்கோதை குனிந்து, மீசைக்கு நேராகக் கழுத்தை நீட்டினாள்.

"இன்னிக்குத்தான் வெயில் தாங்கற மாதிரி இருக்கு" என்றாள் அத்தை, பாயசத்துக்குக் கையை நீட்டியபடி.