ஓங்கி அடிக்கக் கூடாது

ஆஸ்பத்திரியின் பின்வாசலில் வண்டியைப் பின்னுக்கு எடுக்கும்போதுதான் ஸ்டெப்னி கழன்று விழுந்தது. அண்ணி இறங்கிப் போய்ப் பார்த்தார். டயர் மட்டும் விழவில்லை. அதைத் தாங்கியிருந்த இரும்புப் பட்டையும் கூடவே பிய்ந்து வந்திருந்தது. அதை எடுத்து இரண்டு விரலால் அழுத்தினார். பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

"இதை நம்பியா நாம இத்தனை நாளா ஓட்டிக்கிட்டு இருந்தோம்?" என்றார்.

நாங்கள் சலவைக்கூடம் வைத்திருக்கிறோம். இரண்டு ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளும் திரைச்சீலைகளும் எங்களிடம்தான் வருகின்றன. அண்ணன் உள்ளே இஸ்திரி இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வான். வண்டி ஓட்டுவது அண்ணி, மூட்டை தூக்குவது அவன் தங்கை நான். வண்டிக்கு வயது பதின்மூன்று.

இரண்டு மாதம் முன்பே வண்டிக் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. இன்னின்ன ஆண்டுகளில் செய்த வண்டிகளின் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், துருப்பிடிக்க 'வாய்ப்பு உண்டு', கொண்டுவந்தால் இலவசமாகச் சோதித்துச் சரிசெய்து தருகிறோம் என்று. "போனா புது வண்டியைத் தலையில கட்டிடுவான்" என்று சொல்லி அண்ணன் அதை அலமாரிக்குள் போட்டுவிட்டான். அன்று மாலை அண்ணி அதைத் தேடி எடுத்தார். மறுநாள் காலையில் சர்வீஸ் சென்டரில் நின்றோம்.

சோதிக்க வந்தவர் ஒல்லியான மனிதர், கண்ணாடி போட்டவர். வண்டியை லிஃப்டில் ஏற்றி, சின்னச் சுத்தியல் ஒன்றால் சேஸிஸை நெடுகத் தட்டிக்கொண்டே வந்தார். டிங், டிங் என்று கேட்டது. பின்சக்கரத்துக்கு மேலே வந்ததும் சத்தம் மாறி, ஈர மரத்தைத் தட்டினதுபோல் டொப்பென்றது. சிவப்புத் தூள் அவர் சட்டையில் கொட்டியது. அவர் இன்னொரு தடவை, முதல் தடவையைவிட மெதுவாகத் தட்டினார்.

"ஓட்டை இல்லைம்மா. கறுப்பு பெயிண்ட் அடிச்சுக் குடுத்துடுவோம்."

"ஓட்டை இருந்தா?"

"இருந்தா சேஸிஸையே மாத்தணும். தட்டும்போது ஓட்டை விழணும்னு விதி."

"நீங்க தட்டவே இல்லையே சார். தூங்குற குழந்தையை எழுப்பின மாதிரில்ல இருந்துச்சு."

அவர் சிரிக்கவில்லை. "ஓங்கி அடிக்கக் கூடாதுன்னும் விதி இருக்கும்மா."

"சரி. ரோட்டுல இருக்கிற குழிக்கு இந்த விதியை யார் சொல்லுவாங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சேஸிஸ் உள்ளே கூடாக இருக்கும் என்றும், உள்பக்கம் பெயிண்ட் சரியாகப் படியாமலே இந்த வண்டிகள் வெளியே போய்விட்டன என்றும் எங்களிடம் மெல்லிய குரலில் சொன்னார். உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியில்லை. அதனால் துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. வெளியே பெயிண்ட் அடித்தால் துரு போகாது, பார்வைக்குத்தான் மறையும்.

"அப்புறம் எதுக்கு அடிக்கிறீங்க?" என்றேன் நான்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பெரிய சுத்தியலை எடுத்து வந்து ஒரே ஒரு அடி அடித்தார். சுத்தியலின் தலை முழுசாக உள்ளே போய் மாட்டிக்கொண்டது. ஆட்டித்தான் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. பக்கத்து லிஃப்டில் வேலை செய்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அடிச்சது நான். அப்படியே எழுதுறேன்" என்று சொல்லி, படிவத்தில் நின்றபடியே எழுதினார். வண்டி ஓட்டத் தகுதியில்லை என்று ஒரு சிவப்பு அட்டையை ஸ்டியரிங்கில் கட்டினார்.

மேனேஜர் வேகமாக வந்தார். ஓட்டையைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார், சோதித்தவரையும் பார்த்தார். பிறகு எங்களிடம் திரும்பினார்.

"நீங்க சலவை வேலை பண்றீங்க. ஈரத்துணி ஏத்தி ஏத்தித்தான் துருப்பிடிச்சிருக்கு. இது உபயோகிச்ச முறையில வந்த கோளாறு."

"சார், அழுக்கா வாங்குறோம், காயவெச்சு இஸ்திரி போட்டுக் குடுக்கிறோம்" என்றார் அண்ணி. "ஈரமா குடுத்தா எந்த ஆஸ்பத்திரி வாங்கும்? நோயாளிய அதுலயா படுக்கவெப்பாங்க?"

மேனேஜர் படிவத்தை வாங்கி மடித்துக்கொண்டார். தலைமை அலுவலகத்துக்கு எழுதுவதாகச் சொன்னார். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம்.

வீட்டில் அண்ணன் குதித்தான். "பெயிண்ட் அடிச்சு வாங்கிட்டு வந்திருந்தா வண்டியாவது இருந்திருக்கும். இப்ப மூட்டையைத் தலையிலயா தூக்கிட்டுப் போறது?"

"நீங்க உள்ளே இயந்திரத்தோட நிக்கிறவரு. அந்த வண்டியில உட்கார்றது நானும் உங்க தங்கச்சியும்" என்றார் அண்ணி. அவன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

அதன் பிறகு வாடகை வேனில் ஓட்டினோம். வேன் கிடைக்காத நாளில் அண்ணனின் நண்பர் காரில். மூட்டைகளுக்கு நடுவில் கழுத்து மட்டும் தெரிய நான் உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் என்னைப் பார்த்து, "அம்மா, மூச்சு விட முடியுதா?" என்று கேட்டார்.

மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள். மேனேஜர் உபசாரமாக நாற்காலி போட்டு ஒரு தாளை நீட்டினார். கம்பெனி 'நல்லெண்ண அடிப்படையில்' சேஸிஸை மாற்றித் தரும். கோளாறுக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்பதை நாங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். விஷயத்தை வெளியே யாரிடமும் சொல்லக் கூடாது.

அண்ணி இரண்டு தடவை படித்தார். "நல்லெண்ணம்னா நான் நன்றி சொல்லணும். பொறுப்புன்னா நீங்க செஞ்சே ஆகணும். இதுல எது சார்?"

"எதுவா இருந்தா என்னம்மா? வண்டி கிடைக்குதுல்ல?"

"எங்களுக்குக் கிடைக்குது. இதே வண்டியை வெச்சிருக்கிற மத்தவங்களுக்கு?"

பேனாவை வாங்கி கடைசி இரண்டு வரிகளையும் நேராகக் கோடு போட்டு அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அடித்துத் திருத்தினால் செல்லாது என்றார் மேனேஜர். "செல்லாட்டி திருப்பி அனுப்புங்க, வர்றோம்" என்று எழுந்துவிட்டார் அண்ணி. பஸ் நிறுத்தம் வரை எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். அங்கே போனதும், "தப்புப் பண்ணிட்டேனா?" என்று என்னைக் கேட்டார்.

"தெரியலை அண்ணி" என்றேன். நிஜமாகவே தெரியவில்லை.

ஆஸ்பத்திரிப் பின்வாசலுக்கு இதே ரக வண்டியில் இன்னும் இரண்டு பேர் வருவார்கள். ஆக்ஸிஜன் சிலிண்டர் கொண்டுவருபவர் ஒருவர், ரொட்டி கொண்டுவருபவர் ஒருவர். இருவரிடமும் நடந்ததைச் சொன்னேன். இருவரும் சர்வீஸ் சென்டருக்குப் போய், ஓங்கி அடித்தால்தான் ஆச்சு என்று நின்றிருக்கிறார்கள். சிலிண்டர்காரர் வண்டியில் இரண்டு இடத்தில் ஓட்டை. ரொட்டிக்காரர் வண்டி நன்றாகவே இருந்தது. அரை நாள் வேலை போச்சு என்று அவர் ஒரு வாரம் எங்களை முறைத்துக்கொண்டே திரிந்தார்.

சிலிண்டர் ஏற்றும் வண்டி என்றதும் ஆஸ்பத்திரி நிர்வாகமே கம்பெனிக்குக் கடுமையாக ஒரு கடிதம் எழுதியது. அதுதான் வேலை செய்ததா, அண்ணி போட்ட கோடா, எங்களுக்குத் தெரியாது. கடிதம் போன எட்டாவது நாள் மேனேஜரிடமிருந்து போன் வந்தது. புது சேஸிஸ் வருகிறது, எதிலும் கையெழுத்து வேண்டாம் என்றார்.

அது வர இன்னும் ஏழு வாரமாயிற்று. வண்டியை எடுக்கப் போன அன்று சுத்தியல் பிடித்தவர் அங்கே இல்லை. விசாரித்தபோது, பின்கட்டில் பழைய டயர்களைக் கணக்கெடுக்கும் வேலைக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். தேடிப் போனோம்.

"எங்களாலதானே சார்?" என்றார் அண்ணி.

"அடிச்சது நான்தானேம்மா" என்றார். "வண்டியை நல்லாப் பார்த்து வாங்கிட்டுப் போங்க. அவசரப்படாதீங்க."

நன்றாகவே பார்த்தோம். சேஸிஸ் புதிதாகப் பளபளத்தது. ஆனால் மேல்கூண்டைத் திரும்பப் பொருத்தியதில் இடதுபக்கக் கதவு சரியாக மூடவில்லை. நான் உட்காரும் பக்கம்.

"அது பழைய கதவும்மா. அது எங்க பொறுப்பு இல்ல" என்றார் மேனேஜர்.

அண்ணி என்னைப் பார்த்தார். பிறகு கைப்பையை மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.