எட்டாவது கிலோமீட்டரில் ஒரு குளிர்

அன்று சாயங்காலம் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஆனால் வளிமண்டல ஆய்வுக்கூடத்தின் திரையில், எட்டு கிலோமீட்டர் உயரத்தில் ஏதோ ஒன்று குறுக்கே படுத்திருந்தது. ஆய்வாளரான அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

கூரையிலிருந்து லேசர் மேலே பாயும். தூசியில் பட்ட ஒளி போன நிறத்திலேயே திரும்பும். காற்று மூலக்கூறுகளில் பட்டதில் துளி மட்டும் நிறம் மாறித் திரும்பும். நிறம் மாறாததில் தூசியை அளப்பார்கள், மாறியதில் வெப்பநிலையை. இன்று அந்த உயரத்தில் தூசியும் அதிகம், குளிரும் அதிகம்.

லேசரைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் சோடாபுட்டி என்பார்கள். அவள் மட்டும் அண்ணா என்பாள்.

"அண்ணா, பலூன் அனுப்பிப் பார்த்தாச்சு. அப்படி ஒரு குளிரே இல்லைங்குது."

"அப்ப பலூன் பொய் சொல்லணும், இல்ல நாம சொல்லணும்."

மத்தியானம் ஏ.சி. நின்றுபோனது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அறைச் சூட்டில், திரும்பும் நிறங்களைப் பிரிக்கும் வடிகட்டி கொஞ்சம் நகர்ந்திருந்தால், தூசியின் ஒளி வெப்பநிலைப் பக்கம் கசிந்து இல்லாத குளிரைக் காட்டியிருக்கும். அவர் வடிகட்டியைச் சரிசெய்தார். குளிர் போயே போய்விட்டது. தூசி மட்டும் அசையவில்லை.

"இது எங்கேருந்துண்ணா வந்தது?"

"வானத்தைக் கேளுங்க டாக்டரம்மா, என்னைக் கேட்டா?"

காற்று வந்த பாதையைக் கணினியில் பின்னோக்கி ஓட்டினாள். கோடு கடலைத் தாண்டி ஒரு மலையூரில் போய் நின்றது. அங்கேதான் அவள் தங்கை இருக்கிறாள். அப்பாவின் சாவுக்குத் தங்கை வராததிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

கோடு தப்பாக இருக்கலாம். இன்னொரு தடவை ஓட்டினாள். அங்கேயேதான் நின்றது. அவ்வளவு உயரத்தில் நிற்பது தூசியல்ல, புகையாக இருக்குமோ? என்ன பேசப்போகிறோம் என்று தெரியாமலே ஃபோனை எடுத்தாள்.

"அக்கா? நீயா?"

"அங்க... எங்கேயாவது எரியுதா?"

மறுமுனையில் அழுகை வெடித்தது. "காடு முழுக்கப் போச்சுக்கா. எங்க வீடும் போச்சு. பள்ளிக்கூடத்துல தங்கியிருக்கோம். இன்னும் ஒரு செய்தியிலயும் வரல. உனக்கு யார் சொன்னா?"

"புகை இங்க வந்திருக்கு."

"அவ்வளவு தூரமா? என்னக்கா சொல்றே?"

எப்படிச் சொல்வது? ஒரு மணி நேரமாக அதைக் கருவியின் கோளாறு என்று திட்டிக்கொண்டிருந்தாள். இப்போது பேசியது புகைக்காகவா தங்கைக்காகவா என்று அவளுக்கே பிடிபடவில்லை. கோபம் எங்கே என்று தேடினாள், கைக்கு அகப்படவில்லை.

"குழந்தைங்க?"

"நல்லா இருக்காங்க. சின்னவன்தான் இருமிக்கிட்டே இருக்கான்."

"நாளைக்குக் கிளம்பி வரேன்" என்று வாய் முந்திக்கொண்டது.

ஃபோனை வைத்தபோது சோடாபுட்டி வாசலில் நின்றார். "டாக்டரம்மா, லேசரை நிறுத்தட்டுமா, ஓடட்டுமா?"

"நிறுத்துங்க" என்றாள். உடனே, "வேண்டாம், ஓடட்டும்" என்றாள். பிறகு முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். அவர் ஒரு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.