இருபத்துமூணு பாயிண்ட் ஏழு

"எத்தனை?" என்று அம்மா குணவதி கேட்டபோது ரூபினி செருப்பைக்கூடக் கழற்றியிருக்கவில்லை.

"முப்பத்தொண்ணு."

"முப்பதுக்கா?"

"நூத்துக்கும்மா."

பள்ளிக்கூடத்துக் கடைசி வகுப்பான ஆறாம் படிவத்தில் எல்லாப் பாடத்திலும் ஏ எடுத்து, தமிழ்ப் பத்திரிகையில் படம் வந்த பெண். அந்தப் படத்தை பாயான் பாருவில் குணவதியோடு ஃபேக்டரியில் வேலை செய்கிற ஒருவர் விடாமல் பார்த்திருந்தார்கள்.

"லெக்சரர் சரியா சொல்லித் தரலையா?"

"நல்லாத்தான் சொல்லித் தர்றாங்க. ஸ்கீமாதான் தர மாட்டேங்கறாங்க."

ஸ்கீமா என்றால் தேர்வுத்தாள் திருத்துகிறவர் கையில் இருக்கும் விடைப்பட்டியல். எந்த வார்த்தைக்கு எத்தனை மார்க் என்றுகூட அதில் இருக்கும். பத்து வருடத்து ஸ்கீமாக்களை மனப்பாடம் செய்துதான் ரூபினி பல்கலைக்கழகம் வரைக்கும் ஏறி வந்தாள். இங்கே கெமிஸ்ட்ரி லெக்சரர் டாக்டர் அர்ச்சனா கேட்ட கேள்வி எந்த வருடத்துத் தாளிலும் இல்லை. 'ஏன் அப்படி நினைக்கிறாய்?' என்று முடிந்த கேள்விக்கு அவள் இரண்டு பக்கம் வரையறையாக எழுதித் தள்ளி, இரண்டு மார்க் வாங்கியிருந்தாள்.

மிச்சமிருந்தது ஆய்வுக்கூடத் தேர்வு ஒன்றுதான். முப்பது மார்க். அதில் இருபது மார்க்காவது வராவிட்டால் கெமிஸ்ட்ரி போச்சு. கெமிஸ்ட்ரி போனால் முதல் வருடத்தை மறுபடியும் படிக்க வேண்டும்.

புதன்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குத் தேர்வு தொடங்கியது. வேலை சின்னதுதான். வினிகரில் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்று காஸ்டிக் சோடா கரைசலை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். வினிகர் போத்தலில் ஐந்து சதவீதம் என்று அச்சடித்தே இருந்தது. ஐந்து வர வேண்டுமென்றால் நிறம் மாறுவதற்குள் பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து இருபது பாயிண்ட் எட்டு மில்லி சோடா இறங்க வேண்டும். பின்னாலிருந்து முன்னால் கணக்குப் போட எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஆய்வு செய்ததே அப்படித்தான். முதலில் விடை, அப்புறம் அதற்குத் தோதான எண்.

ரூபினிக்கு இருபத்துமூணு பாயிண்ட் ஏழு வந்தது.

"கண்ணாடியத் துடைச்சிட்டுப் பாருடி," என்றாள் பக்கத்து மேசை ஷர்மினி.

இரண்டாவது தடவை இருபத்துமூணு பாயிண்ட் ஆறு. மூன்றாவது தடவை மறுபடியும் ஏழு.

"எல்லாருக்கும் இருபது பாயிண்ட் எட்டு லா. நான் இருபது பாயிண்ட் ஏழுன்னு போட்டிருக்கேன். கொஞ்சம் தள்ளி இருந்தாத்தான் நெசம் மாதிரி இருக்கும். நீயும் அப்படியே எழுதிட்டு வா, அஞ்சரை ஃபெர்ரிய விட்டா எங்கம்மா பட்டர்வொர்த்துலேருந்து போன் மேல போன் போடும்."

"உனக்கு நெசமா எவ்வளவு வந்துச்சு?"

"யாரு பார்த்தா?"

ரூபினி பேனாவை எடுத்து 'இருபது' வரைக்கும் எழுதினாள். கை அங்கேயே நின்றது.

"ஷர்மினி, கை தப்பினா ஒரு தடவை கூட வரும், ஒரு தடவை குறைய வரும். மூணு தடவையும் ஒரே மாதிரி தப்பு வருமா?"

"மணி நாலேகால். இப்போதான் உனக்கு இந்தக் கேள்வி வரணுமா?"

எழுதியதை அடித்தாள். வினிகரா? எதிரிலேயே சீல் உடைத்த போத்தல். கண்ணாடிக் குழாயா? ஷர்மினியுடையதை வாங்கிச் செய்து பார்த்தாள், அதே எண். பாக்கி இருந்தது காஸ்டிக் சோடாதான். முன்மேசைப் பெரிய போத்தலில் பாயிண்ட் ஒன்று வீரியம் என்று லேபிள். அதை யாரும் சந்தேகப்படவில்லை, இவளும்தான்.

ஆய்வுக்கூட உதவியாளர் ஷேக் அலாவுதீனிடம் போய் நின்றாள்.

"அண்ணே, இந்தக் கரைசல எப்ப போட்டீங்க?"

"ஏன், அது என்ன நேத்து வச்ச சாம்பாரா? செமஸ்டர் தொடக்கத்துல போட்டது."

"மூடி லூசா இருக்குண்ணே."

"ஏம்மா, இருவது வருஷமா நான் கரைசல் போடறேன். முப்பது பேரு வேலை செய்யறாங்க, ஒருத்தரும் வாயத் தொறக்கல. ஒனக்கு மட்டும் கெட்டுப் போச்சா?"

"தெரியலண்ணே. அதான் பார்க்கணும். எடை போட்டு எடுக்கற அமில உப்பு கொஞ்சம் குடுங்க."

அந்த உப்பு காற்றில் மாறாது. இவ்வளவு எடை என்றால் இவ்வளவு அமிலம், அவ்வளவுதான். அதை வைத்து சோடாவின் வீரியத்தைச் சோதிக்கலாம். ஆறாம் படிவத்தில் இரண்டு மார்க்குக்காக அவள் உருப்போட்ட வரி அது. அது எதற்கு உதவும் என்று இன்றைக்குத்தான் முதல்முறையாக யோசித்தாள்.

அவள் எடுத்த உப்பின் எடைக்கு, லேபிள் சரியென்றால் இருபது மில்லி இறங்க வேண்டும். இருபத்திரண்டு பாயிண்ட் ஏழில்தான் நிறம் மாறியது. இன்னொரு தடவை, அதேதான்.

"நகரும்மா," என்று ஷேக் அலாவுதீன் தானே உப்பை எடை போட்டுத் தானே குழாயைத் திறந்தார். இருபத்திரண்டு பாயிண்ட் எட்டு. "அட!" என்றார். அடுத்த நிமிடம் அவரே போய் டாக்டர் அர்ச்சனாவைக் கூட்டி வந்தார்.

டாக்டர் அவளுடைய தாளைப் பார்த்தார். அடித்தலும் திருத்தலுமாகக் கிடந்தது. "இப்படிச் செய்யணும்னு எந்தப் புத்தகத்துல இருக்கு?" என்று தமிழிலேயே கேட்டார்.

"தெரியல டாக்டர். மூணு தடவையும் ஒரே எண் வந்துச்சு. அப்ப தப்பு என் கையில இல்ல, வேற எங்கயோ இருக்குன்னு தோணுச்சு. சோடாவோட வீரியம் பாயிண்ட் ஒண்ணு இல்ல. பாயிண்ட் பூஜ்யம் எட்டு எட்டுதான். அதப் போட்டுக் கணக்குப் பார்த்தா வினிகர் சரியா அஞ்சு சதவீதம் வருது."

டாக்டர் அர்ச்சனா முன்மேசைக்குப் போய், அதற்குள் வந்து சேர்ந்திருந்த தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு நிமிர்ந்து ஆங்கிலத்தில் கேட்டார்:

"இன்றைய சோடா வீரியம் குறைந்தது. அதை வைத்து யாருக்கும் இருபது பாயிண்ட் எட்டு வந்திருக்கவே முடியாது. ஆனால் இருபத்தொன்பது பேருக்கு அதுவோ அதற்குப் பக்கத்திலோ வந்திருக்கிறது. எப்படி?"

பின்மேசையிலிருந்து ஹரீஷின் குரல் வந்தது: "பழக்கத்துல வந்துடுச்சு, டாக்டர்."

டாக்டருக்கே சிரிப்பு அடங்கவில்லை. அடங்கியதும் சொன்னார்: "அடுத்த புதன்கிழமை எல்லாரும் மறுபடி செய்யணும். ரூபினி வர வேண்டாம்."

"அடிப்பாவி!" என்று ஷர்மினி அவள் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். கூடவே, "மூணு தடவையும் ஒரே மாதிரின்னு நீ கேட்டப்பவே நான் யோசிச்சிருக்கணும்டி," என்று கையைப் பிடித்துக் குலுக்கவும் செய்தாள்.

அந்த அழுக்குத் தாளின் மூலையில் டாக்டர் இருபத்தெட்டு என்று போட்டு வட்டமிட்டார். இருபது போதும் என்று வந்தவளுக்கு இருபத்தெட்டு! முதல் வருடம் கைக்கு வந்துவிட்டது. ரூபினிக்குக் காது இரண்டும் சூடாயின. மேசையைத் தட்டிக் கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"அந்த ரெண்டு மார்க் எதுக்கு டாக்டர் போச்சு?"

ஷர்மினி தலையில் அடித்துக்கொண்டாள்.

"சோடா ஏன் வீரியம் குறைஞ்சுதுன்னு நீ எழுதலையே."

"எனக்குத் தெரியாதே."

"எனக்கும் நிச்சயமாத் தெரியாது. காத்து பட்டிருக்கலாம். போடும்போதே எடை குறைஞ்சிருக்கலாம்."

"அப்ப புதுசா ரெண்டு போத்தல் போட்டு, ஒண்ண தொறந்து வச்சு, ஒண்ண மூடி வச்சுப் பார்த்தாத் தெரிஞ்சுடும்ல? அண்ணே, நாளைக்குக் காலையில வரட்டுமா?"

ஷேக் அலாவுதீன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"எட்டு மணிக்கெல்லாம் கதவு தொறந்திருக்கும், வா. காத்துதான்னு நிரூபிச்சுக் குடுத்துடும்மா, புண்ணியமாப் போகும். நான் எடை குறைச்சுப் போட்டேன்னு மட்டும் வந்துச்சு, அப்புறம் பாரு!"