கூடுதல் அம்பு

...அந்த அம்பு அங்கே இருக்கக் கூடாது, ஐயோ, இருக்கவே கூடாது, ஆனால் போட்டாயிற்று, கரும்பலகையில் வாத்தியாரே தன் கையால், நல்ல அழுத்தமாக, பக்கத்தில் 'விசை' என்று பெயரும் எழுதி, நாற்பது பிள்ளைகளும் குனிந்து அதை வரைந்துகொண்டிருக்கிறார்கள், கடைசி பெஞ்சில் தலைமையாசிரியை மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஏதோ குறிக்கிறார்... சாய்வாக எறிந்த பந்து, அது போகிற வளைகோடு, உச்சியில் பந்தின்மேல் கீழ்நோக்கி ஓர் அம்பு, பூமியின் இழுப்பு, அதோடு நிறுத்தித் தொலைத்திருக்க வேண்டும். பந்து போகிற பக்கமாக இன்னொரு அம்பு எதற்கு? எறிந்த கை எப்போதோ விட்டுவிட்டது, அங்கே தள்ளுவதற்கு யார் இருக்கிறார்கள்? வேகம் இருக்கிறது, தள்ளும் விசை இல்லை. பந்து போகிறதென்றால் ஏதோ ஒன்று தள்ளிக்கொண்டே இருக்கிறது என்று நம்புவது முதல் வாரத்துப் பிள்ளை செய்கிற தப்பு, அதைத் திருத்தத்தானே ஐயா உனக்குச் சம்பளம், புத்தி புல் மேயப் போயிருந்ததா என்று இயற்பியல் வாத்தியார் தன்னையே திட்டிக்கொண்டார். பயம்தான், வேறென்ன, அந்த அம்மாள் வந்து பின்னால் உட்கார்ந்தால் பெயர்கூட மறந்துபோகும். மணி அடிக்க இன்னும் பதினெட்டு நிமிடம் இருந்தது.

டஸ்டர் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடக்கிறது, ஒரே இழுப்பு, முடிந்தது... முடியுமா? மூன்று வருடத்துக்கு முன்னால் இப்படித்தான் ஒரு கூட்டலில் தடுமாறி, "மன்னிச்சுக்கோங்க பிள்ளைங்களா, தப்பாப் போட்டுட்டேன்" என்று யோக்கியனாக அழித்தார், என்ன கிடைத்தது? அந்த அம்மாளின் அறிக்கையில் 'பாடத்தில் தெளிவில்லை' என்று இரண்டே சொல், நிரந்தர வேலை அவருக்குப் பின்னால் சேர்ந்த கணக்கு வாத்தியாருக்குப் போயிற்று. அடுத்த மாதம் நாற்பது வயது முடிகிறது, அதற்குமேல் நிரந்தரம் கிடையாது, தற்காலிகமாகவே நரைக்க வேண்டியதுதான். காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே மனைவி சொன்னாள், "இன்னைக்காவது உங்க அரிச்சந்திரன் வேஷத்தை வீட்டிலேயே கழட்டி வச்சிட்டுப் போங்க." அந்த அம்மாள் வேதியியல் படித்தவர், கவனித்திருக்க மாட்டார்... கவனித்திருந்தால்? அப்படியே விட்டால் இந்தப் பிள்ளைகள் பரீட்சையில் இதையே வரைந்துவைப்பார்களே! திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? சாக்குக்கட்டி விரலில் வேர்த்து நசநசத்தது.

இரண்டாவது வரிசையில் ஒரு கை உயர்ந்தது. வேறு யார், அவள்தான், எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பதால் ஆசிரியர்கள் அறையில் 'ஏன்சார்' என்று பெயர் வாங்கியவள். பார்க்காததுபோல் ஜன்னல் பக்கம் திரும்பினார், கை இறங்கவில்லை. "சார், கைதான் பந்தை விட்டுடுச்சே, அப்புறம் அந்தப் பக்கமா தள்ற விசை எங்கேருந்து வருது?" வகுப்பே நிமிர்ந்தது, கடைசி பெஞ்சில் பேனா நின்றது, அவருடைய வாய் தானாகத் திறந்துகொண்டது. "சபாஷ்! வேணும்னுதான் போட்டேன், யாராவது கண்டுபிடிக்கிறீங்களான்னு பார்த்தேன்." எவ்வளவு வழவழப்பாக வந்துவிட்டது, அடப்பாவி, இத்தனை நாள் இது எங்கே இருந்தது! நாற்பது ரப்பர்கள் தேய்க்க ஆரம்பித்தன. மணி அடித்ததும் தலைமையாசிரியை எழுந்து வந்தார். "இப்படித்தான் சார் யோசிக்க வைக்கணும். மத்தியானம் என் ரூமுக்கு வாங்க, உங்க நிரந்தர வேலைக் காகிதத்துல ஒரு கையெழுத்து போடணும்." தப்பித்தோமடா சாமி என்று நெஞ்சு குதித்தது, மனைவிக்கு இப்போதே சொல்லிவிடலாமா என்று சட்டைப்பைக்குக் கை போயிற்று.

பிள்ளைகள் வெளியேறிக்கொண்டிருந்தார்கள், 'ஏன்சார்' மட்டும் மேஜையருகே நின்றாள், கையில் மூலை மடங்கிய பழைய நோட்டு. "எங்க அக்காவோடது சார், போன வருஷம் உங்க வகுப்புதான்." விரித்துக் காட்டினாள். அதே வளைகோடு, அதே உச்சி, பக்கவாட்டில் அதே அம்பு, 'விசை' என்ற பெயர்கூட அதே இடத்தில். "பரீட்சையில அப்படியே வரைஞ்சா சார், தப்புன்னு அடிச்சிட்டாங்க. அது எப்படின்னு புரியாமதான் நான் கேட்டேன்... அவளுக்கும் வேணும்னுதான் போட்டீங்களா?" கேலி இல்லை, குற்றம் சாட்டவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறாள், அதுதான் தாங்க முடியவில்லை. ஆமாம் என்று தலை ஆட்டினால் போதும், ஆட்டத்தான் பார்த்தார், கழுத்து அசையவில்லை. வாசலில் அடுத்த வகுப்புப் பிள்ளைகள் உள்ளே வரக் காத்து நின்றார்கள், அவர்களுக்கும் இதே பாடம், இதே படம்... போன வருடம் கடைசி பெஞ்சில் யாரும் உட்காரவில்லை, பயம் என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை, அப்படியானால் அவர் கை அந்த அம்பை எத்தனை வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறது?