இருபதுக்கு இருபது

எங்கள் கடையில் நடந்த வேலைத்திறன் மதிப்பீட்டில் இருபதுக்கு இருபது வாங்கியது ஒரு கூழைக்கடா. புக்குசானா துறைமுகத்தில் இந்தக் கதையை நான் சொல்லாத படகு கிடையாது. சிரித்துக்கொண்டே பாதிப்பேர் நம்பியும் விட்டார்கள். நம்பவே மாட்டேன் என்று நின்றவள் சமையல்காரி எடெல்மிரா ஒருத்திதான். இத்தனைக்கும் அந்தப் பறவைக்கு ஒரு முழம் தள்ளி நின்றவள் அவள்.

"இந்த அனிசெட்டோ பேச்ச வடிகட்டிப் பாருங்க, ஒரு முள்ளுகூட மிஞ்சாது," என்பாள்.

பெரிய முதலாளி பக்கவாதத்தில் படுத்ததும் லீமாவிலிருந்து மருமகன் ரென்சோ வந்து கல்லாவில் உட்கார்ந்தான். மாதத்தின் முதல் வியாழக்கிழமை மதிப்பீடு என்றான். கடலைப் பார்த்த மாடத்தில், கடைசி மேசையில் அவன் உட்கார்ந்திருப்பான். ஒவ்வொருவராய்ப் போய் எதிரில் நிற்கவேண்டும். பள்ளிக்கூடம் மாதிரி இருபதுக்கு மதிப்பெண். பதினொன்றுக்குக் கீழே போனால் சீட்டுக் கிழியும்.

முதல் வியாழக்கிழமை சர்வர் ஃபௌஸ்தோ உள்ளே போனான். திரும்பி வந்தவன் யாரையும் பார்க்கவில்லை. ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் வழியே நடந்தான். அன்று சமையல்கட்டில் நாங்கள் பட்ட பயத்தில் ஐஸ் பெட்டிக்கே வியர்த்தது. நான் பிழிந்த எலுமிச்சைகள் கடையில் ஒரு வாரச் செவிச்சேக்குப் போதும். 

அடுத்த பெயர் எடெல்மிரா.

பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து, செவிச்சே என்று பரிமாறுகிற கடையில் சமையல்காரிக்கு மூக்குதான் சோறு போடும். எடெல்மிராவுக்குப் போன குளிர்காலத்துக் காய்ச்சலோடு அது போய்விட்டது. ஒருநாள் அடுப்பில் வெங்காயம் கருகி, புகை துறைமுகம் தாண்டி மலைவரைக்கும் போனபோதும் அவள் பாட்டுக்கு அதன் பக்கத்திலேயே நின்று கொத்தமல்லி நறுக்கிக்கொண்டிருந்தாள். அன்று எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரிந்தது.

"வெளிய சொன்னா உன் நாக்க அறுத்துச் சாத்துல ஊறப் போட்ருவேன்," என்றாள். குரலில் மிரட்டலைவிட நடுக்கம் அதிகம். மூக்கில்லாத சமையல்காரியை எந்தக் கரையில் எவன் வேலைக்கு வைப்பான்? நானும் சொல்லவில்லை.

பின்வாசலில் ஒரு கிழட்டுக் கூழைக்கடா நிற்கும். தொப்பை, நடை, எல்லாரையும் மேலிருந்து பார்க்கிற பார்வை. மேயர் என்று கூப்பிடுவோம். மற்றக் கூழைக்கடாக்கள் ரப்பர் செருப்பைப் போட்டாலும் விழுங்கும். மேயர் கெட்ட மீனைத் தொடமாட்டார். காலையில் வந்த மீன் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை எடெல்மிரா நீட்டுவாள். மேயர் விழுங்கினால் சமையலுக்கு, முகத்தைத் திருப்பினால் குப்பைக்கு. அப்படித்தான் அவள் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

அந்த முதல் வியாழக்கிழமை ரென்சோ மாடத்துக் கைப்பிடிச் சுவர்மேல் மூன்று தட்டு வைத்திருந்தான். மூன்றிலும் தோலுரித்து வெட்டிய சூரை.

"ஒண்ணு நேத்து மிச்சம். எதுன்னு சொல்லு."

எடெல்மிரா முதல் தட்டின்மேல் குனிந்தாள். ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதிலும் இல்லை. கழுத்து நரம்பு துடிப்பது சமையல்கட்டு ஜன்னல்வரைக்கும் எனக்குத் தெரிந்தது. அப்போதுதான் மேயர் இறக்கையை விரித்துவந்து சுவரில் இறங்கினார். முதல் தட்டை ஒரே வாயில் காலி செய்தார். இரண்டாவதையும் முடித்தார். மூன்றாவதை முகர்ந்துவிட்டு, முதலாளி மருமகனையே ஒரு பார்வை பார்த்துவிட்டு, திரும்பி உட்கார்ந்தார். ரென்சோ நாற்காலியோடு பின்னால் சாய்ந்து கத்திக்கொண்டிருந்தான்.

"மூணாவது, ஐயா," என்றாள் எடெல்மிரா.

"அந்தக் கலவரத்துலயும் மோந்து கண்டுபிடிச்சிட்டியே." ரென்சோ சட்டையை உதறிக்கொண்டு அவள் பெயருக்கு நேரே இருபது போட்டான்.

இதைத்தான் நான் ஊரெல்லாம் சொன்னேன், மூக்கு விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு. ரென்சோ காதிலும் விழுந்தது. அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் சிரித்த இரண்டு நாளும் எடெல்மிரா எனக்குச் சாப்பாடு வைக்கவில்லை.

பிறகு ரென்சோ மின்சாரச் செலவைக் குறைக்க, குளிர்பெட்டியை ராத்திரியில் அணைக்கச் சொன்னான். காலையில் கதவைத் திறந்தால் எங்கள் முகத்தில் அடித்தது வெந்நீர் ஆவி. பெரிய நெத்திலி வரத்து வந்த வாரம் அது. ஊர்க் கூழைக்கடா எல்லாம் படகுகளின் பின்னால் போய்விட்டன, மேயரும்தான். எடெல்மிரா தனியாகத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பின்வாசலில் நின்றாள். வானத்தைப் பார்த்தாள். மணி ஆனதும் உள்ளே வந்து வெட்டினாள்.

அன்று மதியம் செவிச்சே சாப்பிட்ட ஒரு குடும்பமே முகம் வீங்கி, வாந்தியெடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போயிற்று.

அடுத்த மதிப்பீட்டு வியாழக்கிழமை ரென்சோ எல்லாரையும் சேர்த்து மாடத்தில் நிற்கவைத்தான். முதலில் கூப்பிட்டது பாத்திரம் கழுவும் எராக்லியோவை. படகை விற்றுவிட்டு எங்களிடம் வந்த ஆள், மூன்று பிள்ளைக்காரன். ஃபௌஸ்தோ போனபிறகு தட்டு எடுத்துப்போய்ப் பரிமாறுவதும் அவன்தான்.

"தட்டுகள உள்ளாரயிருந்து எடுத்துட்டு வந்தது நீதான?"

"நான்தான், ஐயா. வந்த கையோட குடுத்துட்டேன்."

"வெயில்ல வச்சிருக்க."

"இல்லீங்க. ராத்திரி பெட்டிய அணைச்சதால..."

"பெட்டியப் பத்தி உன்கிட்ட யாரு கேட்டா?" ரென்சோ குரலை உயர்த்தவில்லை. "எடெல்மிரா இருபது வாங்கின மூக்கு. அவ மோந்து குடுத்த மீனு நல்ல மீனு. அவ கைய விட்டதும் உன் கைக்கு வந்திருக்கு. அங்கதான் கெட்டிருக்கு. நாலு மார்க். போய்ச் சட்டைய எடுத்துக்க."

எராக்லியோ நகரவில்லை. எடெல்மிராவைப் பார்த்தான். குறை சொல்லும் பார்வையில்லை அது. அக்கா ஏதாவது சொல்லேன் என்பது மாதிரி. அவள் தரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கப் போனேன்.

"நீ சும்மா இரு, அனிசெட்டோ," என்றாள். ரென்சோவிடம் திரும்பினாள். "ஐயா, இவன் சொல்ற பறவைக் கதை..."

"தெரியும், சிரிச்சாச்சு. இப்ப எதுக்கு அது?"

"அது நெசம். நடந்துச்சு. மூணாவது தட்டுன்னு சொன்னது அதுதான், நான் இல்ல. எனக்கு மூக்கு செத்து வருசமாகப் போவுது. அந்தக் குடும்பம் சாப்பிட்ட அன்னைக்கு அது வரல, நான் குருட்டாம்போக்குல வெட்டிட்டேன். எராக்லியோ மேல தப்பில்ல."

ரென்சோ நம்பவில்லை. எழுந்து உள்ளே போய், குளிர்பெட்டியில் கிடந்த சூரைத் துண்டு ஒன்றை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு வந்தான். நாங்கள் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினோம். அவனே முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணை மூடு என்றான்.

அவள் மூடிக்கொண்டாள். துண்டை அவள் மூக்குக்குக் கீழே, உதட்டைத் தொடுகிற மாதிரி பிடித்தான்.

எடெல்மிரா சமையல் ஏப்ரனை இரண்டு கையாலும் பிடித்தபடி காத்துக்கொண்டிருந்தாள்.

"வைங்க, ஐயா," என்றாள். "எப்ப வேணா வைங்க."