டப்பாவில் அக்கா பெயர்

1

இந்தக் கதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து வந்தது. அசிங்கமான தொடக்கம்தான். வேறு மாதிரியும் எழுதிப் பார்த்தேன்: 'திருமங்கலத்துக்குப் பக்கத்து ஊரில், வயிற்றுப் பிள்ளையோடு ஒரு பெண்...' அடித்துவிட்டேன். அந்தப் பெண் என் அக்கா. அடுத்த அறையில் போர்வைக்குள் பல் தந்தியடிக்க நடுங்கிக்கொண்டிருக்கிறாள்.

கதையில் அவள் பெயர் தங்கப்பொண்ணு. (நிஜப் பெயரைப் போட்டால் கொன்றுவிடுவாள். எழுந்து வந்து கொன்றால்கூடப் பரவாயில்லை என்றிருக்கிறது.)

2

தங்கப்பொண்ணு பகலில் தண்ணீர் குடிக்க மாட்டாள். எங்கள் வீட்டில் கக்கூஸ் இல்லை. இருட்டினால்தான் கருவேலங்காட்டுப் பக்கம் போக முடியும். ஏழாம் மாதத்திலும் அப்படித்தான். போன வாரம் ஆஸ்பத்திரியில் சிறுநீர் சோதனைக்காக நர்சம்மா அவள் பெயர் எழுதிய டப்பாவை நீட்டினார். அவளுக்கு வரவே இல்லை.

"பஸ்ஸு போயிரும்டி. நீ போயிப் புடிச்சுட்டு வா."

"நானா? லூசாக்கா நீ?"

"டப்பாவுல எம் பேருதான இருக்கு. யாரு கேக்கப் போறா?"

[இந்த இடத்தில் தங்கை மறுத்துவிடுவதாக எழுதிப் பார்த்தேன். ரொம்ப நல்ல பெண்ணாக இருந்தாள். நான் அவள் இல்லை.]

நர்சம்மா சோதித்துவிட்டு, "கிருமி ஏதும் இல்ல, நல்லாருக்கு" என்றார். பஸ்ஸில் அக்கா என் தொடையில் கிள்ளினாள். "கணக்குலதான் பெயிலு. இதுலயாச்சும் பாஸாயிட்டியே!" திருமங்கலம் வரை சிரித்தோம்.

3

சற்றுமுன் அம்மா நர்சம்மாவுக்குப் போன் போட்டாள்.

"காய்ச்சலும் நடுக்கமுமா இருக்கு தாயி. இடுப்பு வலிங்குறா."

"ஒண்ணுக்கு டெஸ்ட்டு நல்லாத்தானம்மா இருந்துச்சு? மாத்திரையக் குடுங்க, காலையில கூட்டிட்டு வாங்க."

நல்லாத்தான் இருந்தது. அது என்னுடையது.

அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். கை கொதித்தது. "ஒண்ணுக்குப் போனா எரியுதுடி. டப்பா விசயத்தச் சொல்லிராத. மாமியா வீட்ல காறித் துப்புவாக."

4

முதல் முடிவு: மாத்திரையில் காய்ச்சல் இறங்குகிறது. நான் வாயே திறக்க வேண்டியதில்லை. இதை எழுதத்தான் எனக்கு ஆசை.

இரண்டாவது முடிவு: காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், வயிற்றில் அசைவு

இல்லை. இதை எழுத மாட்டேன்.

எப்படி முடிக்கலாம் என்று நீங்கள் யோசித்துக்கொள்ளுங்கள். எனக்கு அதற்கு நேரமில்லை. அம்மா அக்காவின் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருக்கிறாள். போன் அவள் மடியில் கிடக்கிறது.

"அம்மா, நர்சம்மாவுக்குத் திரும்பப் போடு. நான் பேசுறேன். அந்த டப்பாவுல இருந்தது..."