கண்ணாடியில் சந்தனம்

சண்டிலிப்பாயில் ஆழ்வாப்பிள்ளையின் வெங்காய ஸ்டோர் முற்றத்தில், பின்னுக்கு வந்த லொறி, அங்கே வேலை செய்யும் இராசமலரின் பாதத்தில் ஏறியது. விபத்துப் புத்தகத்தில் 'காரணம்' என்ற இடத்தில் முதலாளி தன் கையாலேயே எழுதினார்: ஏழரைச் சனி.

நல்ல பக்திமான். இராசமலரின் சாதகத்தைச் சாத்திரியாரிடம் கொடுத்துப் பார்ப்பித்தார். லொறியை ஒருவரிடமும் காட்டவில்லை. பின்னுக்கு எடுக்கும்போது அது 'பீப் பீப்' என்று கத்துவது தொலைபேசியில் கதைக்க இடைஞ்சல் என்று அந்த எச்சரிக்கை ஒலியின் வயரைக் கழற்றுவித்தவர் அவரே. அது சாதகத்தில் இல்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, இராசமலர் பொல்லூன்றி வேலைக்கு வந்தாள். அன்று வராவிட்டால் வேறு ஆள் எடுப்பதாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள். அன்றுதான் லொறிக்குச் சாந்திப் பூசையும். மாலை போட்டு, தேங்காய் உடைத்து, சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்தார்கள். பக்கக் கண்ணாடிகள் இரண்டிலும் முதலாளி உள்ளங்கையளவு சந்தனம் அப்பினார்.

தேசிக்காய்கள் நசிந்தன.

"இனிப் பயமில்லை. பின்னுக்கு எடுத்து மூட்டையளை ஏத்து," என்றார்.

வெங்காயம் தரம் பிரிக்கும் இடம் முற்றத்தின் மறுகரையில். லொறிக்குப் பின்னால்தான் வழி. இராசமலருக்குக் கால் எழவில்லை.

சாரதி ஜெயசுதன் அதைக் கண்டான். எஞ்சினை நிறுத்தி இறங்கினான்.

"வாங்கோ அக்கா. நீங்கள் அங்கை போய் இருந்தாப் பிறகுதான் எடுப்பன்."

கையைப் பிடித்துக் கூட்டிப்போய் இருத்தினான். திரும்பி வந்து தோளில் கிடந்த துவாயால் கண்ணாடிகளைத் துடைத்தான்.

"சாமிக்கு வைச்ச சந்தனத்தை அழிக்கிறியோ?"

"பிள்ளையாருக்கு எல்லாம் தெரியும், முதலாளி. எனக்குத்தான் ஒண்டும் தெரியேல்லை."

"உனக்கு வாய் கூடிப்போச்சு."

அப்போது கைபேசி அடித்தது. முதலாளி கதைத்தபடி நடந்தார்.

ஜெயசுதன் லொறியைப் பின்னுக்கு எடுத்தான். துடைத்த கண்ணாடியில், பின்சில்லோரம் முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காய விலை கதைக்கும் முதலாளி தெரிந்தார். பிறேக்கை மிதித்தான்.

லொறி அவருடைய வேட்டியை உரசி நின்றது. கைபேசி மண்ணில் விழுந்து, "ஹலோ, ஹலோ" என்றது.

இராசமலர் பொல்லூன்றி வந்து தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

"குடியுங்கோ ஐயா. உங்களுக்கும் ஏழரை நடக்குதோ?"

பரிவாகத்தான் கேட்டாள். முதலாளி போத்தல் முழுவதையும் குடித்தார்.

"இல்லைப் பிள்ளை," என்றார். லொறிப் பக்கம் திரும்பி, "ஜெயசுதன், முதலிலை அந்த வயரைக் கொழுவு."

பிறகு உள்ளே போய், விபத்துப் புத்தகத்தைத் தேடி எடுத்தார்.